தேகுவில் செய்த லாரி

சண்டை ஓய்ந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. தேகு நகரத்து ரயிலடிக்குப் பின்னால், பியோ தல்ஹோவும் அவன் தங்கை புருஷன் கிசோப்பும் சேர்ந்து ஒரு லாரி செய்து முடித்தார்கள். எஞ்சினும் அச்சும் அமெரிக்க ராணுவம் கழித்துப் போட்டவை; அவற்றுக்கு உயிர் கொடுத்தவன் கிசோப். முன்முகமும் கதவும் பின்பெட்டியும் தல்ஹோவின் கைவேலை. எண்ணெய்ப் பீப்பாய்களை வெட்டி விரித்துச் சுத்தியலால் தட்டியே உருவாக்கியிருந்தான்.

வண்டி ஓடியது. வாங்கத்தான் ஆளில்லை. "இங்கேயே செஞ்சது" என்றதும், வந்தவர்கள் டயரை ஓர் உதை உதைத்துவிட்டுப் போய்விடுவார்கள்.

"மச்சான், இனிமே யார் கேட்டாலும் அமெரிக்கா வண்டின்னு சொல்லிருவோம்," என்றான் கிசோப்.

"பொய் சொல்றதுன்னா நீயே சொல்லு மாப்ளே. எனக்கு வாய் குழறும்."

ஆனால் ஆப்பிள் வியாபாரி தக் அம்மாள் வந்தபோது கிசோப் சாப்பிடப் போயிருந்தான். ரயிலுக்குக் காத்திருந்தே பாதிச் சரக்கை அழுகக் கொடுக்கிறவள் அவள். வண்டியை ஒருமுறை சுற்றி வந்தாள்.

"எந்த ஊரு வண்டிப்பா இது?"

"அ... அமெரிக்கா வண்டிங்கம்மா," என்றான் தல்ஹோ.

அவள் கதவைத் திறந்து உள்பக்கம் பார்த்தாள். எவ்வளவு தட்டியும் மறையாத பீப்பாய் வளையம் தெரிந்தது. விரலால் தடவி மோந்து பார்த்தாள்.

"அமெரிக்காவுலயும் பீப்பாயத்தான் வெட்டி ஒட்டுறானா?"

தல்ஹோவுக்குக் காதுவரை சிவந்துவிட்டது. "நான்தாம்மா தட்டினேன். எஞ்சின் அவங்களது. மத்ததெல்லாம் எங்க கை."

"இதை முதல்லயே சொல்லித் தொலைக்கிறதுக்கென்ன? அமெரிக்கா வண்டி நடுவழியில நின்னா, நான் கடல் தாண்டிப் போயா ஆளக் கூட்டிட்டு வர்றது? உன் வீடு எங்க இருக்கு?"

"இந்தச் சுவருக்குப் பின்னாடிதான்."

"அப்ப சரி. கதவுல உன் பேரையும் தெருவையும் பெருசா எழுதிக் குடு. எங்க மாட்டிக்கிட்டாலும் யாரத் திட்டணும்னு என் டிரைவருக்குத் தெரியணும்ல."

கிசோப் திரும்பி வந்து நடந்ததைக் கேட்டான். "ஒரு பொய்யக்கூட உருப்படியாச் சொல்லத் தெரியலையே மச்சான்," என்று சிரித்துவிட்டு, தானே பிரஷ்ஷை வாங்கி, தன் பெயரைவிட மச்சான் பெயரைச் சற்றுப் பெரிதாக எழுதினான்.

ஒரு மாதம்கூட ஆகவில்லை. மலைப்பாதையில் ஸ்பிரிங் பட்டை முறிந்து வண்டி நின்றுவிட, தக் அம்மாள் பட்டறைக்கே வந்து தெருவே கேட்கும்படி திட்டித் தீர்த்தாள். தல்ஹோ அன்றே உலையை மூட்டினான். கூடுதலாகப் பட்டைகள் அடித்துப் போட்டுவிட்டு, அடுத்த சுமையோடு தானும் கிளம்பினான். ஆப்பிள் பெட்டிகளின் மேல் உட்கார்ந்து, கணவாயின் ஒவ்வொரு பள்ளத்தையும் முதுகெலும்பில் வாங்கிக்கொண்டே சியோல் போய்ச் சேர்ந்தான். வண்டி எங்கேயும் நிற்கவில்லை. சந்தையில் சரக்கு இறங்கும்போது, சுற்றி நின்றவர்கள் கதவிலிருந்த பெயரை வாய்விட்டுப் படிப்பதைக் கேட்டான்.

பனி விழுமுன், கதவில் எழுதியிருந்த தெருவை விசாரித்துக்கொண்டு ஓர் உப்பு வியாபாரி வந்தார். அவருக்குப் பின்னால் ஒரு கரி வியாபாரி. மறு அறுவடைக்குள் பக்கத்து மரக்கடையையும் வாடகைக்குப் பிடிக்க வேண்டியதாயிற்று. பீப்பாய்க்குப் பதில் புதுத் தகடு வந்து இறங்கியது.

ஒரு நாள் மதியம் சூப்பில் சோற்றைக் கரைத்துக்கொண்டே தல்ஹோ கேட்டான். "எஞ்சினையும் நாமளே வார்த்தா என்ன மாப்ளே?"

கிசோப்பின் கரண்டி பாதியில் நின்றது. "வெயில் தலைக்கேறிடுச்சா மச்சான்?" என்றான். இரண்டு வாய் சாப்பிட்டபின், "இரும்பை உருக்கி ஊத்துற அச்சுக்கு நல்ல மணல் வேணுமே," என்றான்.

மறுநாள் காலை இருவரும் மணல் பார்க்கக் கும்ஹோ ஆற்றங்கரைக்குக் கிளம்பினார்கள்.