இடது காது, மேல் விளிம்பு

என் வீட்டுக்காரர் ஊரில் உள்ள மொட்டைமாடிகளை எல்லாம் காப்பாற்றுகிறவர். நீர்க்கசிவு தடுக்கும் கம்பெனி ஒன்றில் இருபத்திரண்டு வருஷமாகக் கூரை ஆய்வாளர். தளத்தில் உளுந்து அளவுக்கு ஒரு கறை தெரிந்தால் போதும், குந்தி உட்கார்ந்து அதன் ஜாதகத்தையே படித்துவிடுவார். "கூரைக்கு முதல் எதிரி வெயில்தாங்க, மழை ரெண்டாவது. வெள்ளைக் கோட் அடிங்க, உரிஞ்சா மறுபடி அடிங்க" என்று வீட்டுச் சொந்தக்காரர்களை விரட்டுவார். அவர் தலையில் மட்டும் ஒரு தொப்பி இருந்து நான் பார்த்ததில்லை. உபதேசம் எல்லாம் ஊருக்குத்தான்.

அவருடைய இடது காதின் மேல் விளிம்பில் ஒரு புள்ளி வந்தது. முதலில் கடுகு, நாலு மாதத்தில் உளுந்து. ஓரமெல்லாம் கோணல்மாணல். துண்டு பட்டால் ரத்தம் கசியும், பக்குக் கட்டும், மறுபடியும் கசியும்.

"டாக்டர்கிட்ட காட்டுங்கன்னா காட்ட மாட்டீங்களா?"

"கறுப்புத் தோலை வெயில் என்ன பண்ணும்? சும்மா இரு."

"மாடியில ஒட்டற தார் ஷீட்டும் கறுப்புதான். அது மேல எதுக்கு வெள்ளைக் கோட் அடிக்கச் சொல்றீங்க?"

"அது கூரை."

"இது?"

"இது காது."

இப்படிப்பட்ட மனுஷனோடு என்னத்தைப் பேசுவது? நான் வாங்கி வந்த வெயில் கிரீமைச் செருப்புக்குப் பாலிஷ் என்று நினைத்துப் போட்டுவிட்டார். செருப்பு வெயிலில் வாடாமல் இருந்தது. எனக்கோ சோறு போடும்போதெல்லாம் கண் தட்டுக்குப் போகாமல் அந்தக் காதுக்கே போனது. பயந்துபோயிருந்தேன், அதுதான் உண்மை.

நானும் அதே கம்பெனியில்தான் வேலை பார்க்கிறேன், புகார் மேசையில். புகாரைப் படிவத்தில் எழுதி எண் போடுவது என் வேலை. எண் விழுந்த புகாரை எமனே வந்தாலும் மூட முடியாது. ஆய்வு நடந்து, ஆய்வாளரும் உரிமையாளரும் கையெழுத்துப் போட்டால்தான் மூடும். ஒரு திங்கட்கிழமை காலையில் கோபம் தலைக்கேறி ஒரு படிவத்தை எடுத்தேன். கட்டடத்தின் வயது: நாற்பத்தொன்பது. இடம்: இடது காது, மேல் விளிம்பு. வெயில் படும் நேரம்: காலை எட்டு முதல் மாலை ஐந்து. முந்தைய பூச்சு: கிடையாது. உரிமையாளர் என்ற இடத்தில் கூசாமல் என் பெயரை எழுதினேன். 4417 என்று எண் போட்டு ஓங்கி முத்திரை குத்தினேன்.

மதியத்துக்குள் அது ஆய்வுக்கென்று என் வீட்டுக்காரர் கைக்கே போய்விட்டது. தாளைத் தூக்கிக்கொண்டு மேனேஜர் அறைக்குள் பாய்ந்தார். நானும் பின்னாலேயே போனேன்.

"சார், இவ என் காது மேல புகார் எழுதியிருக்கா!"

மேனேஜர் கண்ணாடியைப் போட்டு நிதானமாகப் படித்தார். எண்ணைப் பார்த்தார், முத்திரையைப் பார்த்தார். பெருமூச்சு விட்டார்.

"எண் விழுந்துருச்சேப்பா. நான் என்ன செய்ய? ஆனா ஒண்ணு, சொந்த இடத்த நீங்களே ஆய்வு செய்யக் கூடாது. வேற ஆள அனுப்பறேன்."

மறுநாள் காலை ஏணியண்ணன் வந்தார். அவரும் ஆய்வாளர்தான். ஏணி இல்லாமல் எந்த ஆய்வும் செல்லாது என்பது விதி, அதை அவர் ஒருநாளும் மீறியதில்லை. பன்னிரண்டடி ஏணியைக் கூடத்துக்குள் நுழைப்பதற்குள் கடிகாரம் ஒன்று கீழே விழுந்தது. என் வீட்டுக்காரரை நாற்காலியில் உட்காரவைத்து, பக்கத்தில் ஏணியைச் சாத்தி, மூன்று படி ஏறி, மேலிருந்து காதைக் குனிந்து பார்த்தார்.

"ஆடாம இருங்க மாப்ள. கூரை ஆடுமா?"

"அண்ணே, நீங்களுமா?"

"வேலைன்னு வந்துட்டா மாப்ளயாவது மச்சானாவது." ஏணியண்ணன் அளவுகோலை வைத்தார். "அஞ்சு மில்லி. ஓரம் சீரா இல்ல. நிறம் ரெண்டு மூணா இருக்கு. தங்கச்சி, பழைய பதிவு ஏதாச்சும் இருக்கா?"

இருக்காதா பின்னே? போன வருஷக் குடும்பப் படத்தில் காது சுத்தம். நாலு மாதத்துக்கு முந்தைய படத்தில் கடுகு. இரண்டையும் ஏணிப்படியில் வைத்து, கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். இறங்கி வந்தபோது அவர் முகத்தில் விளையாட்டு இல்லை. பையிலிருந்து விதிப் புத்தகத்தை எடுத்து வாசித்தார்.

"விதி ஒன்பது. கறை வளர்ந்திருந்தால் காத்திருக்கக் கூடாது. ஒரு வாரத்துக்குள் மாதிரி வெட்டி ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும். அதுவரை வெயில் படாமல் மூடிவைக்க வேண்டும். உரிமையாளர் 'ஒன்றும் ஆகாது' என்று சொன்னால் நம்பக் கூடாது." புத்தகத்தை மூடினார். "இத எழுதினது யாரு மாப்ள?"

எழுதியதே என் வீட்டுக்காரர்தான். கூடத்தில் ஏணி மட்டும் லேசாக ஆடிக்கொண்டிருந்தது.

"காட்டிட்டு வந்துடலாங்க. எனக்குப் பயமா இருக்கு" என்றேன். கோபமெல்லாம் எங்கே போனதோ தெரியவில்லை.

"சரி, வா" என்று எழுந்தார். வாசலில் ஏணியண்ணன் மறித்து, மூடிவைக்காத கறையை வெளியே விட முடியாது என்றார். கூரைக்குப் போர்த்தும் தார்ப்பாயில் ஒரு மூலையை வெட்டித் தலையில் கட்டிவிட்டார். அந்தக் கோலத்தில்தான் ஆஸ்பத்திரிக்குப் போனோம். தோல் டாக்டர் அம்மா நீலத் தார்ப்பாயையும், கூடவே வந்த ஏணியையும் ஒருமுறை பார்த்துவிட்டு நேரே காதுக்கு வந்துவிட்டார். அன்றைக்கே மாதிரி எடுத்தார்கள்.

பத்து நாளில் முடிவு வந்தது. புற்றுதான். ஆரம்ப நிலை. "இன்னும் ஒரு வருஷம் விட்டிருந்தா இவ்வளவு லேசா சொல்லியிருக்க மாட்டேன்" என்றார் டாக்டர். காதில் ஒரு துண்டை வெட்டி எடுத்தார்கள். ஓரத்தில் மிச்சம் எதுவும் இல்லை என்று பிறகு வந்த அறிக்கை சொன்னது. முழுக்கைச் சட்டை, காதையும் கழுத்தையும் மறைக்கிற அகலத் தொப்பி, ரெண்டு மணி நேரத்துக்கு ஒருதரம் கிரீம், உச்சி வெயிலில் மாடி ஏறவே கூடாது என்று டாக்டர் உத்தரவு. "வைத்தியனுக்குக் குடுக்கறத வாணியனுக்குக் குடுன்னு சும்மாவா சொன்னாங்க" என்று நான் வழியெல்லாம் திட்டிக்கொண்டே வந்தேன். அவர் தலையாட்டிக்கொண்டே வந்தார்.

தையல் பிரித்த மறுநாள் ஏணியண்ணன் 4417-ஐ மூட வந்தார், ஏணியோடு. கடைசிக் கட்டம் ஒன்று காலியாக இருந்தது: சேதத்துக்குக் காரணம். என் வீட்டுக்காரர் பேனாவை வாங்கிக்கொண்டார். ஒரு வரி எழுதக் கால் மணி நேரம் ஆயிற்று. எழுதிவிட்டு, என் முகத்தைப் பார்க்காமல் தாளை என் பக்கம் தள்ளினார்.

'இருபத்திரண்டு வருஷம் பூச்சில்லாமல் வெயிலில் கிடந்தது. உரிமையாளர் பலமுறை எச்சரித்தும் கேட்கவில்லை.'

"உரிமையாளர் கையெழுத்துப் போடணும்" என்றார் மெதுவாக.

போட்டேன். எழுத்து கோணலாக ஓடி, என் கையெழுத்து மாதிரியே இல்லை. விதிப்படி அது செல்லாது. ஏணியண்ணன் அதை ரொம்ப நேரம் பார்த்தார், அப்புறம் என்னைப் பார்த்தார், "4417 மூடியாச்சு" என்று தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார்.