மாற்றிக் கொடுத்த எச்சில்

பேருந்துப் பணிமனையில் இன்ஜின் பிரிக்கும் அந்த மெக்கானிக்குக் கடைவாயில் புகையிலை இல்லாவிட்டால் ஸ்பேனரே பிடிபடாது. ஒருநாள் பல் மருத்துவக் கல்லூரியிலிருந்து ஒரு ஆராய்ச்சிக் குழு வந்து, புகையிலை போடுகிறவர்களுக்கெல்லாம் ஆளுக்கொரு சின்னக் குப்பி கொடுத்தது. காலையில் எழுந்ததும், பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல், கோடு வரைக்கும் எச்சில் நிரப்பித் தர வேண்டும். புண் வெளியே தெரிவதற்கு முன்பே எச்சிலில் சில புரதங்கள் கூடிவிடுமாம்; அதை வைத்து வாய்ப் புற்றுநோயை முன்கூட்டியே சந்தேகிக்க முடியுமா என்று பார்க்கிறார்களாம்.

தன் எச்சிலில் ஏதாவது தெரிந்துவிடுமோ என்று மெக்கானிக்குக்குப் பயம். மறுநாள் காலை வாய் வறண்டுவிட்டது, ஒரு சொட்டுகூட வரவில்லை என்று சாக்குச் சொல்லி, குப்பியை மனைவியிடம் நீட்டினார். அவள் தையல்கடைக்காரி, புகையிலையைக் கையால்கூடத் தொட்டதில்லை. கடை திறக்கிற அவசரத்தில், தொல்லை விட்டால் போதும் என்று நிரப்பிக் கொடுத்தாள்.

மூன்று வாரம் கழித்துக் கல்லூரியிலிருந்து போன் வந்தது: அளவு கூடுதலாக இருக்கிறது, உடனே வரவும்.

டாக்டரம்மா விளக்கைப் பிடித்து அவர் வாயை இண்டு இடுக்கு விடாமல் தேடினார். கறைதான் இருந்தது. எச்சில் சந்தேகத்தைத்தான் சொல்லும், சதையை எடுத்துப் பார்த்தால்தான் உறுதியாகும் என்றவர், எங்கிருந்து எடுப்பது என்று தெரியாமல் நெற்றியைத் தேய்த்தார். மெக்கானிக்கின் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. இதற்கு மேல் மறைக்க அவருக்குத் தெம்பில்லை.

"டாக்டர், அது என் எச்சில் இல்ல."

"பின்ன யாரோடது?"

"என் சம்சாரத்தோடது."

டாக்டரம்மா திட்டவில்லை. "இப்பவே கூட்டிட்டு வாங்க" என்றார்.

கழுத்தில் அளவு டேப்போடு கிளம்பி வந்தாள் மனைவி. அவள் நாக்குக்கு அடியில் அரிசி அளவில் ஒரு வெள்ளைத் திட்டு இருந்தது. வலியில்லை, எரிச்சலில்லை, அவளுக்கே தெரியாது. சதைச் சோதனை ஆரம்ப நிலைப் புற்றுநோய் என்றது. புகையிலை தொடாதவர்களுக்கும் எப்போதாவது வருவதுண்டு என்றார்கள். மெக்கானிக் கல்லூரிப் படிக்கட்டிலேயே உட்கார்ந்து அழுதார். அவள்தான் முந்தானையால் முகத்தைத் துடைத்துவிட்டாள்.

ஒரே அறுவையில் முழுசாக எடுத்துவிட்டார்கள். வேறு சிகிச்சை தேவைப்படவில்லை. பத்து நாள் பேசக் கூடாது என்றதும், அவள் தையல் சாக்கட்டியால் வெட்டு மேசையில் எழுதியே புருஷனை வேலை வாங்கினாள். முதலில் எழுதியது, 'புகையிலை டப்பாவைக் குப்பையில் போடு.' மறுபேச்சில்லாமல் போட்டார். அடுத்த குப்பியை அவள் கண்ணெதிரே, கோட்டைத் தாண்டியே நிரப்பினார். அதில் எதுவும் தப்பாக இல்லை. இருந்தாலும் அவள் மாதாமாதமும், அவர் ஆறு மாதத்துக்கு ஒருமுறையும் வந்து காட்ட வேண்டும் என்றார் டாக்டரம்மா.

பதினோராம் நாள் அவள் கொஞ்சம் குழறலாகப் பேசினாள்.

"என்னங்க, இனிமே பொய் சொல்றதா இருந்தா என்னைக் கேட்டுட்டுச் சொல்லுங்க."

அவர் சிரித்துவிட்டு, அவள் கைக்கு எட்டும்படி கத்தரிக்கோலை எடுத்து வைத்தார்.