இருநூற்றுப் பதினான்காம் இடம்

2006-ஆம் வருஷம் ஆரணியில் எல்லோரும் பயந்த துப்பாக்கிக்காரன் நான்தான். இதை அடக்கத்தோடுதான் சொல்கிறேன். ஜரிகைக் கடை மாடியில் இருந்த ஹேமநாத்தின் பிரவுசிங் சென்டருக்குள் நான் நுழைந்தால் போதும், பதினொரு கம்ப்யூட்டரில் ஒன்பது சட்டென்று அணையும். மீதி இரண்டு ஏற்கெனவே ரிப்பேர்.

முப்பத்து மூன்று வருஷம் பஸ் ஸ்டாண்டில் டைம் கீப்பராக இருந்து ஓய்வு பெற்றவன். மஸ்கட்டில் இருக்கும் மகன் ஈமெயில் அனுப்புவான், அதைப் படிக்கத்தான் மாடியேறினேன். அன்றைக்கு மெயில் திறக்கவில்லை. சுற்றிலும் ஒரே வெடிச்சத்தம். தறிக்காரப் பிள்ளைகள், ரைஸ் மில் பிள்ளைகள், கல்யாணமானவர்கள், ஆகாதவர்கள் எல்லோரும் ஒருவரையொருவர் சுட்டுக்கொண்டிருந்தார்கள். பக்கத்து நாற்காலிக்காரனைச் சுட்டுவிட்டு அவனிடமே பாக்கு வாங்கிப் போட்டுக்கொண்டார்கள்.

"மெயில் வர்ற வரைக்கும் நீங்களும் சும்மா சுட்டுகினு இருங்க தாத்தா" என்று ஹேமநாத் என் பெயரில் ஒரு ஐடி போட்டுக் கொடுத்தான். என் வாயை அடைக்க அவன் செய்த ஏற்பாடு. அதற்கு அவன் பட்டது பின்னால் வருகிறது.

என் சிப்பாய் பிறக்கும்போதே சுவரைப் பார்த்துப் பிறந்தான். அவனை எப்படித் திருப்புவது என்று எனக்குக் கடைசிவரை தெரியவில்லை. யாராவது பின்னால் வந்து சுடுவார்கள், செத்து, மறுபடியும் அதே சுவர் முன்னால் பிறப்பான். ஒரே வாரத்தில் நாற்பத்தொரு வீர மரணம். முதுகில்தான்.

இனி யார் எத்தனையாவது இடம் என்கிற பட்டியலைச் சொல்ல வேண்டும். விளையாட்டை நடத்தியது சென்னையில் ஏதோ ஒரு கம்பெனி. அவர்கள் பார்வையில் மனிதர்கள் எல்லோரும் ஆயிரத்து இருநூறு புள்ளியோடு சமமாகப் பிறக்கிறார்கள். அந்தச் சமத்துவம் முதல் ஆட்டம் முடியும்வரை நீடிக்கும். அதன்பிறகு ஜெயித்தவன் தோற்றவனிடமிருந்து புள்ளியைப் பிடுங்கிக்கொள்வான். எவ்வளவு பிடுங்கலாம் என்பதில்தான் சூட்சுமம். உன்னைவிடப் பெரிய ஆளை அடித்தால் ஐம்பது வரைக்கும் வரும். சின்ன ஆளை அடித்தால் ஒன்றோ அரையோ. பெரிய ஆள் சின்ன ஆளிடம் தோற்றால் ஐம்பதும் போச்சு. ஜெயிக்காமல் தோற்காமல் முடிந்தால்கூடப் பெரியவனுக்கு இருபத்தைந்து நஷ்டம், ஏனென்றால் அவன் ஜெயித்திருக்க வேண்டியவன்.

எனக்கு இது உடனே புரிந்தது. எக்ஸ்பிரஸ் ஐந்து நிமிஷம் தாமதமானால் டிரைவருக்கு மெமோ. தேவிகாபுரம் டவுன் பஸ் ஒரு மணி நேரம் தாமதமாக வந்தால், வந்துவிட்டதே என்று டிரைவருக்கு டீ. அதே சட்டம்தான்.

இதில் இன்னும் இரண்டு விதி. ஒன்று, கரண்ட் போனால் யார் கம்ப்யூட்டர் அணைகிறதோ அவன் தோற்றான். கரண்ட்டுக்கு மட்டும் ஒரு ஐடி இருந்திருந்தால் மாவட்டத்தில் அதுதான் முதலிடம். இரண்டாவது, யார் சவால் விட்டாலும் மறுக்கக் கூடாது. நீ ஐடியைத் திறந்து உட்கார்ந்திருக்கும்போது சவால் வந்து, நீ மறுத்தால் தோல்வி.

இப்போது என் செல்வாக்கு விளங்கியிருக்கும். மாவட்டத்தில் இருநூற்றுப் பதினான்கு பேர் ஆடினார்கள். நான் இருநூற்றுப் பதினான்காவது. நானூற்றுப் பன்னிரண்டு புள்ளி. என்னை அடித்தால் யாருக்கும் ஒன்றும் கிடைக்காது. என்னிடம் தப்பித்தவறி மாட்டினாலோ குடும்பமே நடுத்தெருவுக்கு வந்துவிடும். ஆட்டத்தின் நடுவே தன் கம்ப்யூட்டருக்கு மட்டும் கரண்ட் போய், ஆயிரத்து எழுநூறு புள்ளிக்காரன் ஒருவன் என்னிடம் தோற்றான். அவன் மூன்று நாள் தறியில் உட்காரவில்லை. அதற்குப் பிறகு நான் படியேறும் சத்தம் கேட்டாலே, "டைம் கீப்பர் வர்றாரு, மூடு மூடு" என்பார்கள். போண்டா வாங்கிக் கொடுத்து என்னைக் கீழேயே உட்காரவைத்தவர்களும் உண்டு. முப்பத்து மூன்று வருஷ சர்வீஸில் கிடைக்காத மரியாதை.

இந்தப் பட்டியலில் மாவட்டத்துக்கே முதலிடம் முள்ளிப்பட்டு குமரேசன். இரண்டாமிடம் கடைக்காரன் ஹேமநாத். இருபது புள்ளிதான் வித்தியாசம். ஜூலை கடைசி ஞாயிறு சாயங்காலம் ஆறு மணிக்கு யார் முதலிடத்தில் இருக்கிறானோ அவனுக்குக் கம்பெனி ஒரு புத்தம்புது கம்ப்யூட்டர் தருவதாக அறிவித்திருந்தது. பதினொரு கம்ப்யூட்டர் வைத்திருந்த ஹேமநாத்துக்குப் பன்னிரண்டாவது இல்லாமல் தூக்கம் வரவில்லை.

குமரேசன் என்று பட்டியல் சொன்னது. பட்டியலுக்கு என்ன தெரியும். அந்த ஐடியில் இருந்தது குமரேசனும் அவன் மனைவி பானுப்ரியாவும். இரண்டு பக்கமும் கரை வைத்த பட்டுச்சேலையை ஒரே தறியில் இரண்டு பேர் உட்கார்ந்து நெய்வார்கள். அவர்கள் வீட்டுத் தறியில் இடப்பக்கம் அவள், வலப்பக்கம் அவன். கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தபோதும் வேறு மாதிரி உட்கார அவர்களுக்குத் தோன்றவில்லை. கீபோர்டு இடப்பக்கம், அது அவளுக்கு. மவுஸ் வலப்பக்கம், அது அவனுக்கு. சிப்பாயை அவள் நடத்துவாள், அவன் திருப்பிக் குறிபார்த்துச் சுடுவான். ஒருவரோடொருவர் பேசிக்கொள்ளவே மாட்டார்கள். அந்தச் சிப்பாய்க்கு ஒரு தனி நடை: இடது பக்கம் இரண்டு எட்டு, வலது பக்கம் ஒன்று, மறுபடி இடது இரண்டு. தறியில் மிதிக்கிற தாளம் அது. சுட வந்தவனுக்குத் தலை சுற்றிவிடும்.

பானுப்ரியாவுக்கு அந்தக் கம்ப்யூட்டர் வேண்டும். கட்டம் போட்ட தாளில் பென்சிலால் கரை டிசைன் வரைவாள். யானை, மயில், ருத்திராட்சம், எது கேட்டாலும் வரும். அதை டவுனில் ஒரு டிசைன்காரர் வாங்கி, கம்ப்யூட்டரில் ஏற்றி, தன் டிசைன் என்று கொடுத்துக்கொண்டிருந்தார். வீட்டில் ஒரு கம்ப்யூட்டர் இருந்தால் அவள் டிசைன் அவள் பெயரிலேயே போகும். மூன்று மாதமாக அவள் சிப்பாயை நடத்தும் நான்கு பட்டனை மிதித்தது அதற்குத்தான்.

சனிக்கிழமை காலையில் குமரேசன் தனக்கோடியின் டீக்கடையில் நின்றிருந்தான். நானும் இருந்தேன்.

"இன்னாப்பா, மாவட்டத்துக்கே பஸ்ட்டாமே! ஊட்டுக்காரியும் கூடக் குந்தி ஆடுதாமே?" என்றான் தனக்கோடி.

குமரேசன் டீயை ஆற்றினான். "அவ சும்மா பட்டன் தட்டுவா. சுடறது நான்தானே?"

இந்த வாக்கியம் முள்ளிப்பட்டுக்கு அவனுக்கு முன்னால் போய்ச் சேர்ந்தது. தனக்கோடி ஒருவேளை போன் போட்டிருக்கலாம். நான் போடவில்லை, நான் போடப் போனபோது லைன் பிஸி.

ஞாயிறு நாலே முக்காலுக்கு ஹேமநாத் என் வீட்டுக்கு வந்தான். கையில் ஆற்காடு மக்கன் பேடா, ஒரு கிலோ.

"தாத்தா, குமரேசன் கடையில தனியா குந்திகினு கீறான். அந்தம்மா கோச்சிகினு வரல. ஆறு மணி ஆவறதுக்கு முன்ன நீங்க வந்து ஒரு சவால் வுடணும்."

"நான் தோத்துடுவேனே."

"அவன் பாதி ஆளு தாத்தா. சுடத்தான் தெரியும், நடக்கத் தெரியாது. நான் கிட்டப் போனா சுட்டுடுவான். உங்களுக்கு ரெண்டுமே தெரியாது. டிரா ஆனாலே போதும். அவனுக்கு இருபத்தஞ்சு போவும், நான் மேல வந்துடுவேன். நீங்க ஒன்னுமே பண்ண வேணாம்."

"ஒன்னும் பண்ணாம இருக்கறதுல எனக்கு முப்பத்து மூணு வருஷ அனுபவம் இருக்கு" என்றேன்.

என் நேர்மைக்கு விலை இல்லை. எடை மட்டும் உண்டு, முக்கால் கிலோ. ஹேமநாத் கால் கிலோ கூடவே கொண்டுவந்துவிட்டான்.

குமரேசன் ஐடியை மூடுவதற்குள், ஐந்து முப்பதுக்குச் சவால் விட்டேன். ஆட்டம் இருபத்தைந்து நிமிஷம். நேரம் முடியும்போது யார் அதிகம் சுட்டிருக்கிறானோ அவன் ஜெயித்தவன். கடை நிரம்பிவிட்டது. படிக்கட்டிலும் ஆள். குமரேசன் என்னைப் பார்த்த பார்வையில் கண்ணீர் இருந்தது, எச்சரிக்கை இருந்தது, கொஞ்சம் கெட்ட வார்த்தையும் இருந்தது.

என் சிப்பாய் வழக்கம்போலச் சுவர் முன்னால் பிறந்து சுவரைப் படிக்க ஆரம்பித்தான். குமரேசன் பழக்கமில்லாத இடது கையைக் கீபோர்டில் வைத்தான். அவன் சிப்பாய் நேராகப் போய் இரண்டு பீப்பாய்களுக்கு நடுவில் சிக்கிக்கொண்டான். அங்கிருந்து நாலாபக்கமும் சுழன்று குறிபார்த்தான். வானத்தைப் பார்த்தான். நகர மட்டும் முடியவில்லை. மாவட்டத்தின் முதல் வீரனும் கடைசி வீரனும் ஐந்து நிமிஷம் இப்படிப் போரிட்டோம்.

"இன்னாடா இது, ரெண்டு பேரும் பஸ்ஸுக்கு நிக்கறாங்களா?" என்றது ஒரு குரல்.

ஐந்து முப்பத்தெட்டுக்கு பானுப்ரியா படியேறி வந்தாள். ஷேர் ஆட்டோவில் வந்திருக்கிறாள். முந்தானையில் ஜரிகைத் துணுக்கு ஒட்டியிருந்தது. குமரேசன் அவசரமாக நாற்காலியை வலது பக்கம் நகர்த்தி இடம் விட்டான்.

"பானு, ஜல்தி குந்து. டைம் போய்கினு கீது."

அவள் நின்றபடியே இருந்தாள். "நான் எதுக்குங்க? சுடறது நீங்கதானே? சுடுங்க."

"டீக்கடையில ஏதோ வாய் தவறிடுச்சு..."

"தவறல. உங்க வாயி நல்லாத்தான் வேல செஞ்சிது."

பிறகு என் பக்கம் திரும்பினாள். "தாத்தா, கொஞ்சம் தள்ளிக் குந்துங்க."

தள்ளி உட்கார்ந்தேன். பேடா எனக்கு ஒன்றும் செய்யாமல் இருக்கத்தானே கொடுக்கப்பட்டது, அதை மீறவில்லை. அவள் என் கீபோர்டில் இடது கையை வைத்தாள்.

"ஏம்மா, இது செல்லாது! ஒரு ஐடில ரெண்டு பேரா?" என்று ஹேமநாத் குதித்தான்.

"மூணு மாசமா நாங்க ரெண்டு பேரு ஆடுனப்போ ரெண்டு பேருக்கும் வாடகை வாங்கினியே, அப்ப செல்லுச்சா?"

ஹேமநாத் உட்கார்ந்தான். கூட்டம் சந்தோஷத்தில் நெருங்கியது. பொண்டாட்டி புருஷனைச் சுடப்போகிறாள் என்று படிக்கட்டுவரை செய்தி போயிற்று.

என் சிப்பாய் பிறந்த நாளிலிருந்து முதன்முறையாக நகர்ந்தான். மவுஸை யாரும் தொடவில்லையே, ஆகவே அவன் திரும்பவில்லை. சுவரைப் பார்த்தபடியே பின்னால் பின்னால் நடந்தான். களம் முழுவதையும் அப்படியே கடந்தான். என் திரையில் சுவர் சின்னதாகிக்கொண்டே போனது, அவ்வளவுதான். இடது இரண்டு, வலது ஒன்று, இடது இரண்டு. குமரேசன் தன் திரையில் அந்த நடையைப் பார்த்தான். ஒரு முதுகு அவனை நோக்கி வந்து, பீப்பாய்க்கு நேர் எதிரே நின்றது.

சுட வந்தவள் முதுகைக் காட்டி நிற்கிறாள். கூட்டத்துக்கு விளங்கவில்லை. குமரேசனுக்கு விளங்கியது. மவுஸில் விரல் வைத்தான்.

"இருங்க" என்றாள் பானுப்ரியா. என் சிப்பாய் பீப்பாய்க்குப் பின்னால் ஒளிந்துகொண்டான். "அன்னிக்கு டீக்கடையில எத்தனை பேரு இருந்தாங்க?"

"ஒரு... ஏழெட்டு பேரு."

"இங்க முப்பது பேரு கீறாங்க. சொல்லுங்க. நடக்கறது யாரு?"

"நீதான்."

"காதுல வுழல."

கடைச் சுவரில் கடிகாரம் ஐந்து ஐம்பத்திரண்டு. இன்னும் மூன்று நிமிஷம். எனக்கு நேரம் மட்டும் ஒருநாளும் தப்பியதில்லை.

"நீதான்டி நடக்கற! நான் பீப்பாய்க்குள்ள மாட்டிக்கினு நிக்கறவன்! நீ இல்லாம எனக்கு ஒரு எட்டு வெக்கத் தெரியாது, போதுமா?" என்று கத்தினான் குமரேசன். படிக்கட்டில் இருந்தவர்களுக்கும் கேட்டது. கீழே ஜரிகைக் கடையில் பேரம் பேசிக்கொண்டிருந்தவர்கள் நிறுத்திவிட்டு மேலே பார்த்தார்களாம்.

சிப்பாய் மெதுவாக வெளியே வந்தான். முதுகு குமரேசன் பக்கம்.

"கோவம் போச்சா?" என்றான் குமரேசன்.

"போவல. சுடுங்க."

முதல் குண்டு வானத்துக்குப் போனது. இரண்டாவது பீப்பாயில் பட்டது.

"வலது பக்கம் ஒரு நூலு தள்ளி அடிங்க" என்றாள் அவள், தறியில் சொல்வதுபோல.

மூன்றாவது என் முதுகில். என் நாற்பத்திரண்டாவது வீர மரணம், அதுதான் கடைசி. ஒன்றுக்குப் பூஜ்யம். ஐந்து ஐம்பத்தைந்துக்கு ஆட்டம் முடிந்தது.

ஆறு மணிக்குப் பட்டியல் வந்தது. என்னை அடித்ததற்காகக் குமரேசனுக்குக் கிடைத்தது அரைப் புள்ளிக்கும் கீழே. கம்பெனி அதைப் பூஜ்யம் என்று முடித்துவிட்டது. முதலிடம் முதலிடத்திலேயே நின்றது. ஹேமநாத் இருபது புள்ளி கீழே. எனக்கும் ஒன்றும் குறையவில்லை. நானூற்றுப் பன்னிரண்டுக்குக் கீழே என்னை எங்கே தள்ளுவது என்று அந்த மெஷினுக்கே தெரியவில்லை போலும். ஹேமநாத் பேடாவைத் திருப்பிக் கேட்டான். பெட்டியைக் கொடுத்தேன். நல்ல அட்டைப் பெட்டி.

மூன்று வாரத்தில் முள்ளிப்பட்டுக்குக் கம்ப்யூட்டர் வந்து இறங்கியது. கூடவே ஒரு சான்றிதழ்: 'சிறந்த தனிநபர் வீரர்'. தனிநபர் இரண்டு பேரும் அதைச் சட்டம் போட்டுத் தறிக்கு மேலே மாட்டினார்கள். இப்போது உட்காருவது இடம் மாறி: மவுஸ் அவளுக்கு, கீபோர்டு அவனுக்கு. அவள் கட்டம் கட்டமாக வரைவாள், அவன் எந்தப் பட்டன் என்று கேட்டுக் கேட்டு அழுத்துவான்.

அவள் முதன்முதலாக வரைந்த கரை டிசைன் நன்றாக ஓடியது. அவள் பெயரிலேயே ஓடியது. கரை நெடுக ஒரு சின்ன உருவம், தலையைக் கொஞ்சம் குனிந்து, எதையோ பார்த்து நிற்கும். இடப்பக்கம் இரண்டு, வலப்பக்கம் ஒன்று என்று வரிசை. சென்னைக் கடைகளில் அதை அன்னப்பட்சி என்று சொல்லி விற்கிறார்கள்.

அது அன்னப்பட்சி இல்லை. எதிரே இருப்பது சுவர். நான் யாரிடமும் மறுத்துச் சொன்னதில்லை. எத்தனை கல்யாணங்களில் என்னைக் கட்டிக்கொண்டு மணமேடையில் உட்கார்ந்திருக்கிறார்கள், பாவம்.