பரமலிங்கத்தின் பின்பம்பர்

யுத்தம் முடிந்தபிறகு பட்டாளத்தார் ஏலத்தில் விட்ட லொறி அது. மரக் கொந்தராத்துக்காரர் பரமலிங்கம் அதை ஒட்டுசுட்டானுக்குக் கொண்டுவந்து ஹலீமின் பட்டறையில் நிறுத்தினார். முன்பக்கம் இருந்த, கம்பிவடம் சுற்றி மரம் இழுக்கும் வின்சைக் கழற்றிப் பின்னுக்குப் பூட்டித் தரவேண்டும் என்றார். முன்னால் வைத்து மரம் இழுத்தால் லொறி காட்டைப் பார்த்து நிற்கும். பிறகு சேற்றுக்குள் திருப்பி எடுக்க முடியாது.

வின்சைத் தாங்கப் பின்னால் கனமான ஒரு பம்பர் வேண்டும். அது கடையில் கிடைக்கிற சாமான் அல்ல. ஹலீம் பழைய பாலமொன்றின் இரும்பு உத்தரத்தை அறுத்து, உலையில் காய்ச்சி, இரண்டு நுனியையும் வளைத்து, லொறியின் சேசிஸ் சட்டத்தோடு எட்டு போல்ட்டில் இறுக்கினான். அந்த எட்டுத் துளைகளைக் கையால் துளைக்கவே நாலு நாள் பிடித்தது. பதினோராம் நாள் ஏறி நின்று குதித்துப் பார்த்தான். இம்மியும் அசையவில்லை.

அன்று காலை, குளத்தடியில் குடியிருக்கும் அன்னபாக்கியம் சேலைத் தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டு வந்தாள்.

"தம்பி, யானை ஒண்டு எங்கட குளத்துக்க செத்துக் கிடக்குது. அஞ்சு நாளாச்சு. பிள்ளையளுக்கு வயித்தாலை போகுது. இந்த லொறியால இழுத்து விடுங்கோவன்."

வேலை எந்தளவில் என்று பார்க்க வந்திருந்த பரமலிங்கம் முந்திக்கொண்டார்.

"இழுக்கலாம். வீட்டுக்கு ஒரு ஆம்பிளை பத்து நாள் எனக்கு மரம் தறிக்க வரவேணும். புதுப் பம்பரைச் சும்மா நாறப் போடேலுமோ?"

"கேட்டுப் பாக்கிறன், ஐயா" என்றாள் அவள், நிலத்தைப் பார்த்தபடி.

ஹலீமுக்கு வாய்க்குள் கசந்தது. பரமலிங்கத்தின் ஜீப் தெருவில் ஏறி மறைந்ததும் அவன் லொறியைக் கிளப்பினான்.

"பாரம் இழுத்துப் பாக்காமல் நான் வேலை ஒப்படைக்கிறேல்லை. வழியைக் காட்டுங்கோ, அக்கா."

குளக்கட்டில் ஏறுமுன்பே நாற்றம் தொண்டையைப் பிடித்தது. யானை வயிறு ஊதிச் சரிந்து கிடந்தது. தண்ணீரில் எண்ணெய் போல ஏதோ மிதந்தது. அன்னபாக்கியத்தின் புருசன் வீரகத்தி இடுப்பளவு தண்ணீரில் இறங்கிப் பின்காலில் கம்பிவடத்தைச் சுற்றினான். வின்ச் சுழன்றது. தோல் உரிந்து வழுக்கி, வடம் நழுவியது. ஹலீம் சத்தி எடுத்தான். வாயைத் துடைத்துக்கொண்டு தானும் இறங்கி, வடத்தைக் கழுத்தோடு மாட்டினான். இந்தமுறை பம்பர் முனகியது, போல்ட்டுகள் பிடித்துக்கொண்டன. யானை அங்குலம் அங்குலமாகக் கரையேறியது.

தலை வெளியே வந்தபோது வீரகத்தி கத்தினான். "இஞ்ச பாருங்கோ!"

முகம் கோடரியால் கொத்தப்பட்டிருந்தது. தந்தங்கள் இருந்த இடத்தில் இரண்டு குழிகள், உள்ளே புழு. காதுக்குப் பின்னால் துவக்குச் சூட்டுக் காயம்.

செய்தி கேட்டுப் பரமலிங்கம் ஜீப்பில் வந்து சேர்ந்தார், லேஞ்சியால் மூக்கைப் பொத்தியபடி. ஜீப்பின் பின்னால் ஒரு துவக்கும் இரத்தம் காய்ந்த கோடரியும் கிடப்பதை ஹலீம் கண்டான்.

"கொம்பு எங்க, முதலாளி?" ஹலீம் கேட்டான்.

"செத்த யானைக்குக் கொம்பு எதுக்கு? அது கிடக்கட்டும், பம்பரை நல்லாச் சவுக்காரம் போட்டுக் கழுவித் தாரும்."

தானே சுட்டு, தானே வெட்டி, கொழுத்த யானையைப் பிள்ளைகளின் குடிதண்ணீரில் அழுக விட்டு, அதை இழுப்பதற்கு விலையாகக் கூலியில்லா ஆள் கேட்ட மனிதர். புழுவைப் பார்த்தபோது வராத அருவருப்பு அந்த முகத்தைப் பார்த்தபோது வந்தது.

ஹலீம் போல்ட் கழற்றும் சாவியை எடுத்தான். குளக்கட்டிலேயே லொறிக்குக் கீழே படுத்து, எட்டு போல்ட்டையும் ஒவ்வொன்றாகக் கழற்றினான். வீரகத்தி ஒரு பக்கம் பிடிக்க, பம்பர் வின்சோடு யானைக்குப் பக்கத்தில் தொப்பென்று விழுந்தது.

"என்ன வேலை இது? விசரோ உமக்கு?"

"நீங்களே கழுவிப் பூட்டுங்கோ. உங்கட லொறியில இனி ஒரு போல்ட்டுச் சுரையும் நான் முறுக்கமாட்டன்."

பரமலிங்கம் வவுனியாவிலிருந்து வேறு ஆளைக் கூட்டிவந்து மறுவாரமே பம்பரைப் பூட்டிக்கொண்டார். அந்த வருசம் முழுக்க லொறி பாலை மரம் இழுத்தது. பம்பர் ஒருநாளும் பிசகவில்லை. அது தன் வேலை என்று ஹலீம் யாரிடமும் சொன்னதில்லை.