சத்தம் பத்தலை

"உங்களுக்குக் கேட்டுச்சுல்ல அக்கா? அப்புறம் என்ன?"

இதைத்தான் கேட்டாள் ஐம். முதலாமாண்டு, பல்கலைக்கழகத்துக்கு வந்து இரண்டு வாரம்கூட ஆகவில்லை. எழுபது பேர் வரிசையில் நிற்க, எதிரே கறுப்புச் சட்டையோடு நான். பேரையும் நம்பரையும் கத்திச் சொல்லச் சொன்னேன். பக்கத்தில் இருப்பவரிடம் மணி கேட்பதுபோலச் சொன்னாள். "சத்தம் பத்தலை!" என்றேன். மறுபடியும் அதே குரல். மூன்றாவது தடவைதான் இந்தக் கேள்வி வந்தது. பின்வரிசையில் எவனோ களுக்கென்று சிரித்தான். எனக்குக் காதுமடல் வரை எரிந்தது.

எங்கள் சிவில் துறையில் புதுப் பிள்ளைகளைப் பழக்குவது மூன்றாமாண்டுக்காரர்களின் வேலை. அதில் ஒன்பது பேருக்கு மட்டும்தான் கறுப்புச் சட்டை. அந்த ஒன்பது பேரும் ஆறு வாரம் சிரிக்கவே கூடாது, கத்த வேண்டும். பிள்ளைகள் கழுத்தில் பெயரட்டை தொங்கும். பேச வேண்டுமென்றால் கையைத் தூக்கி, கறுப்புச் சட்டைக்காரர் "சொல்லு" என்றபிறகு பேரும் நம்பரும் கத்திவிட்டுத்தான் பேசலாம். ஒருத்தர் தப்புச் செய்தால் மொத்த வரிசைக்கும் தண்டனை. ஆறாவது வாரம், இனி நீயும் இன்ஜினியர்தான் என்பதற்கு அடையாளமாக ஆளுக்கொரு பித்தளைப் பல்சக்கரம் கொடுப்போம். அத்தனை நாள் திட்டு வாங்கியவர்கள் எங்களையே கட்டிப்பிடித்து அழுவார்கள். நானும் அப்படி அழுதவள்தான்.

என் கதையைச் சொல்லிவிடுகிறேன். தாய்லாந்தின் வடகிழக்கே ரோய் எட் ஊர்ப் பேருந்து நிலையத்தில் கோழி சுட்டு விற்கிறவரின் மகள் நான். பன்னிரண்டு வருஷப் பள்ளிக்கூடத்தில் என் பெயர் ஞாபகம் இருந்த வாத்தியார் ஒருவர்கூட இல்லை. இங்கே முதல் வாரம் என் பேரை நாற்பத்து மூன்று தடவை சொல்ல வைத்தார்கள். தொண்டையில் காற்றுதான் வந்தது. என்னால் வகுப்பே வெயிலில் குந்திக் குந்தி எழுந்தது. செத்துப் போய்விடலாம் போலிருந்தது. மறுநாளிலிருந்து விடியற்காலையில் ஏரிக்கரைக்குப் போய் எருமைகளைப் பார்த்துக் கத்த ஆரம்பித்தேன். எச்சிலில் ரத்தம் வந்தது. விடவில்லை. இன்றைக்கு நான் காண்டீனுக்குள் நுழைந்தால் முதலாமாண்டு மேஜை மொத்தமும் சோற்றைப் போட்டுவிட்டு எழுந்து கும்பிடும். அது எனக்குப் பிடித்திருந்தது. பொய் சொல்லி என்ன ஆகப்போகிறது? அந்தச் சட்டை இல்லாவிட்டால் நான் மறுபடியும் பேர் தெரியாதவள்.

அன்று சாயங்காலம் கறுப்புச் சட்டைக்காரர்களின் தலைவன், நான்காமாண்டு கொங், என்னைத் தனியே கூப்பிட்டான்.

"என்ன பிங், அந்தப் பொண்ணு உன் மூக்கை அறுத்துட்டாளாமே? பசங்க பூரா சிரிக்கிறானுங்க."

"நான் பாத்துக்கறேன் அண்ணா."

"வெள்ளிக்கிழமைக்குள்ள அவ கத்தணும். இல்லன்னா சட்டையைத் துவைச்சு மடிச்சு எங்கிட்ட குடுத்துரு. வேற ஆளு ரெடியா இருக்கான்."

வெள்ளிக்கிழமை நாலு மணி. பட்டறைக்குப் பின்னாலிருக்கும் மைதானத்தில் மண் கொதித்தது. எழுபது பேரையும் தோளோடு தோள் கைகோர்க்கச் சொன்னேன். ஐம் கத்துகிற வரைக்கும் எல்லோரும் உட்கார்ந்து எழ வேண்டும் என்றேன். முப்பதில் முனகினார்கள். எண்பதில் ஒருத்தன் வாந்தி எடுத்தான். வாந்தி எடுத்தவனையும் பக்கத்தில் இருந்தவர்கள் தோளில் மாட்டித் தூக்கித் தூக்கி உட்கார்ந்தார்கள். "இவளாலதான்! எல்லாரும் இவ மூஞ்சியைப் பாருங்க!" என்று கத்தினேன். அவர்கள் அவளை வெறுப்பார்கள் என்று எதிர்பார்த்தேன். என் முதலாமாண்டில் என்னை அப்படித்தான் வெறுத்தார்கள். ஆனால் எவரும் அவளைத் திரும்பிப் பார்க்கவில்லை. அதுதான் எனக்கு இன்னும் வெறியேற்றியது.

நூற்றுப் பத்தில் அவள் பக்கத்திலிருந்த குண்டுப்பெண் பிளாய் சுருண்டு விழுந்தாள். ஐம் கையை விடுவித்துக்கொண்டு குனிந்து அவள் சட்டைப் பொத்தானைத் தளர்த்தினாள். அனுமதி கேட்கவில்லை.

"யாரைக் கேட்டு வரிசையை உடைச்ச?"

"மயங்கிட்டா அக்கா. தண்ணி குடுங்க."

"பேரைச் சொல்லு! கத்திச் சொல்லு! உன்னாலதான் இவ விழுந்து கிடக்கா!"

அவள் நிமிர்ந்தாள். "எங்கப்பா கத்துவாரு அக்கா. கத்தி முடிச்சதும் பாட்டில் உடையும், அப்புறம் அம்மா மண்டை உடையும். நான் யார்கிட்டயும் கத்த மாட்டேன்னு முடிவு பண்ணித்தான் வீட்டை விட்டு வந்தேன். நீங்க என்ன வேணா பண்ணிக்கங்க."

அதையும் அவள் மெதுவாகத்தான் சொன்னாள்.

கண்மண் தெரியவில்லை எனக்கு. ஓங்கி ஓர் அறை விட்டேன். அவள் அசையவில்லை. அவள் பெயரட்டையின் நைலான் கயிற்றைக் கொத்தாகப் பிடித்துச் சுண்டி இழுத்தேன். கயிறு கழுத்தை அறுத்துக்கொண்டு வந்தது. கால் தடுக்கி, மழைநீர்க் கால்வாயின் சிமென்ட் விளிம்பில் போய் முகம் மோத விழுந்தாள். தேங்காய் உடைகிற சத்தம். புருவம் பிளந்து வெள்ளைச் சட்டை நனைந்தது. அங்கேயாவது நிறுத்தினேனா? இல்லை. மேலே விழுந்து தோளைப் பிடித்து உலுக்கினேன். "கத்துடி! கத்து! வலிக்குதுல்ல, கத்து!" தலை மறுபடியும் சிமென்டில் பட்டது. அவள் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள். அந்த மைதானத்தில் கத்திக்கொண்டிருந்தது நான் ஒருத்திதான். அந்த நேரத்தில் எனக்கு அது சுகமாகக்கூட இருந்தது. இதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனால் இருந்தது.

என் இடுப்பைப் பிடித்து இழுத்து நிறுத்தியது, அதுவரை ஓரமாக நின்று பார்த்துக்கொண்டிருந்த கொங். காவலாளியின் பைக்கில் பின்னால் உட்கார்ந்து வாருணீ மேடம் வந்துகொண்டிருந்தார். மண் இயக்கவியல் எடுப்பவர். இறங்கியவர் ஐமின் முகத்தைப் பார்த்ததும் வாயைப் பொத்திக்கொண்டார்.

"யாரு பண்ணது இதை?"

எழுபது பேரும் வாயைத் திறக்கவில்லை.

"வெயில்ல மயங்கி விழுந்துட்டா மேடம்," என்றான் கொங், நல்ல பிள்ளையாக.

"உன்னைக் கேக்கல. ஏம்ப்பா, உங்களுக்கெல்லாம் வாய் இல்லையா? அந்தப் பிள்ளை கழுத்தைப் பாருங்க. யாரு பண்ணதுன்னு யாராவது சொல்லுங்க!"

ஐம் எழுந்து உட்கார்ந்தாள். புருவத்தை உள்ளங்கையால் துடைத்தாள். பிறகு அந்தக் கையைத் தூக்கினாள். முழங்கை மடங்காமல், விரல்கள் சேர்ந்து, நான் சொல்லிக் கொடுத்தபடி.

"கையை ஏம்மா தூக்குற? சும்மா சொல்லும்மா," என்றார் மேடம்.

அவள் மேடத்தைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தாள். பழக்கத்தில் தூக்கினாளா, வீம்பில் தூக்கினாளா, தெரியவில்லை. மண்ணில் கிடந்த பிளாயும் ஒரு கையை ஊன்றிக்கொண்டு இன்னொரு கையைத் தூக்கினாள். வாந்தி எடுத்தவன் தூக்கினான். அப்புறம் அவன் பக்கத்தில் இருந்தவன். கோர்த்த கைகள் ஒவ்வொன்றாகப் பிரிந்து வரிசை முழுக்க மேலே போயின.

"வேணாம் பிங்," என்று கொங் என் காதருகே சொன்னான். "வாயைத் திறக்காத. நீ 'சொல்லு'ன்னாத்தான் அவங்க பேசுவாங்க. சட்டை உன்னோடதுதான், நான் சொல்றேன்."

மேடம் ஒன்றும் புரியாமல் கைகளையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். வாயைத் திறந்தேன். ஐமின் விரல்களிலிருந்து ரத்தம் மணிக்கட்டில் இறங்கி, முழங்கையைத் தாண்டி, சட்டைக்கைக்குள் போய்க்கொண்டிருந்தது. அவளுக்குத் தோள் நடுங்கியது. பின்வரிசையில் சிலருக்கும் நடுங்கியது. எவரும் கையை இறக்கவில்லை.