சொந்தமில்லாத முதல் வாடிக்கை

கையில் ஊசியும் நூலும் இருந்தால் நாகவல்லிக்குச் சோறு தண்ணி வேண்டாம். அவள் தைத்துக்கொண்டிருந்ததில் அடுப்பில் தீய்ந்துபோன குழம்புக்குக் கணக்கே கிடையாது. அத்தனையையும் வாய் திறக்காமல் சாப்பிட்டவன் அவள் புருஷன் தசரதன். அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் ஓட்டுகிறவன். வாய் திறக்காமல் என்றா சொன்னேன்? கொஞ்சம் திறப்பான்.

அவள் தைத்தது ரவிக்கையும் பாவாடையும் இல்லை. பழம்புடவைகளை நாலு மடிப்பாக அடுக்குவாள். மேலே டெய்லர் கடையில் பொறுக்கிய வண்ணத் துண்டுகளைச் சதுரமும் முக்கோணமுமாகப் பரப்புவாள். பிறகு இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம்வரை எறும்பு வரிசை மாதிரி நெருக்கமாக ஓட்டுத்தையல். முடித்துப் போர்த்திக்கொண்டால் எழுந்திருக்க மனசு வராது. துண்டுப் போர்வை என்று அவளே பேரும் வைத்தாள். இதையே தொழிலாகச் செய்தால் என்ன என்று ஐப்பசி மாதம் ஒருநாள் புருஷனிடம் கேட்டும் விட்டாள்.

தசரதன் அந்த வாரம்தான் எஸ்டேட்டில் ஒரு பல்பு கம்பெனியில் அவளுக்குப் பேக்கிங் வேலை பேசி முடித்திருந்தான். பொங்கல் கழிந்ததும் சேரவேண்டும். நாள் முழுக்க நின்றபடி பல்பை அட்டைப்பெட்டியில் போடுவதை நினைத்தாலே அவளுக்குப் பிடிக்கவில்லை. ரெண்டு நாள் வாக்குவாதத்துக்குப் பிறகு அவன் இறங்கி வந்து ஒரு நிபந்தனை போட்டான். தை பிறப்பதற்குள், சொந்தக்காரர் அல்லாத ஒரே ஒரு ஆள் வாசல் தேடி வந்து, காசு கொடுத்து ஒரு போர்வை தைக்கச் சொல்லவேண்டும். அப்படி நடந்தால் பல்பு கம்பெனி பேச்சையே எடுக்கமாட்டான்.

ஒரே ஒரு ஆள்தானே என்று நாகவல்லி தலையாட்டினாள். அங்கேதான் ஏமாந்தாள். அவர்கள் குடியிருந்த மேனாம்பேட்டில் தடுக்கி விழுந்தால் சொந்தக்காரன் மேல்தான் விழவேண்டும்.

முதலில் வந்தவள் நிறைமாசமாக இருந்த வசந்தகுமாரி. தங்கச்சி முறை, கணக்கில் வராது. ஆனாலும் நாலு பேர் கண்ணில் படட்டுமே என்று நாகவல்லி கையிலிருந்த காசுக்கெல்லாம் புதுச் சீட்டித்துணி வாங்கி, மஞ்சளும் சிவப்புமாகப் போர்வை தைத்துக் கொடுத்தாள். மறுநாளே வசந்தகுமாரியின் மாமியார் கெங்கம்மாள் அதைச் சுருட்டி எடுத்துக்கொண்டு வந்து நின்றாள்.

"பொறக்கப்போற புள்ள மேல புதுத்துணி போடலாமாடி? ரெண்டு பெத்தவதானே நீ?" என்றாள்.

நாகவல்லிக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. தெரியாத விஷயமா இது? புண்ணியதானம் செய்து பிரசவத் தீட்டு கழிகிறவரை பிள்ளைக்குப் பழந்துணிதான். அதுவும் பிள்ளைகள் நோய்நொடியில்லாமல் வளர்ந்த வீட்டுப் பழந்துணி. அப்படிப்பட்ட துணியைக் கேட்டு யார் வந்தாலும் கொடுத்துவிடவேண்டும், காசு வாங்கக் கூடாது. ஊரறிந்த வழக்கத்தைத் தொழில் ஆசையில் கோட்டைவிட்டிருக்கிறாள். கெங்கம்மாள் திட்டி முடித்துவிட்டு, ஏழு பிள்ளை வளர்த்த தன் புடவைகளில் மூன்றைக் கொடுத்து மறுபடி தைக்கச் சொன்னாள். அந்தப் போர்வை வெண்ணெய் மாதிரி வந்தது. வசந்தகுமாரியின் பிள்ளை அதில் படுத்தால் பால் குடிக்கக்கூட எழுந்திருக்கவில்லை.

அதற்கப்புறம் பெண்கள் அவரவர் வீட்டுப் பழம்புடவையை அள்ளிக்கொண்டு வர ஆரம்பித்தார்கள். புடவை அவர்களுடையது, தையல் இவளுடையது, கூலி ஆறு ரூபாய். நாகவல்லிக்குக் கால் தரையில் பாவவில்லை. ஆனால் தசரதன் விடுவானா? ஒவ்வொருத்திக்கும் சொந்தம் கண்டுபிடித்தான். கள்ளிக்குப்பத்துக்காரி அவன் பெரியப்பாவின் சம்பந்தி வழி. கொரட்டூரிலிருந்து வந்தவள் நாகவல்லியின் அத்தை நாத்தனாருக்கு ஓரகத்தி. வானகரத்துக்காரி ஒருத்தியை அரை மணி நேரம் விசாரித்து, கடைசியில் அவள் தனக்கே கொழுந்தியா முறை என்று நிரூபித்தான். அவள் வெட்கப்பட்டுக்கொண்டு போனாள். நாகவல்லி அன்றைக்கு வேண்டுமென்றே குழம்பைத் தீயவிட்டாள்.

இப்படியே மார்கழி ஓடிப்போய்ப் போகியும் வந்துவிட்டது. பதினோரு போர்வை தைத்தாகிவிட்டது, பதினொன்றும் சொந்தம். பல்பு கம்பெனிக்கு உடுத்திப்போக ஒரு புடவையைத் துவைத்துக் காயப்போட்டபோது அவளுக்கு அழுகை முட்டியது.

பதினோரு மணிக்கு வாசலில் ஒரு பெண் வந்து நின்றாள். வயிறு நன்றாகத் தெரிந்தது. பேர் வரலட்சுமி, புருஷனுக்கு ஆவடியில் ராணுவ வேலை, குவார்ட்டர்ஸில் குடியிருப்பதாகத் தெலுங்கு கலந்த தமிழில் சொன்னாள். ரயிலில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த வசந்தகுமாரியின் மடியில் பிள்ளையையும் போர்வையையும் பார்த்து, விலாசம் கேட்டு வந்திருக்கிறாள்.

போகிக்கு லீவு போட்டிருந்த தசரதன் வாசப்படியில் உட்கார்ந்தபடி வேலையைத் தொடங்கினான். எந்த ஊர், அப்பா யார், அம்மா பிறந்த ஊர் எது, மெட்ராஸில் யார் இருக்கிறார்கள்? விஜயநகரம் பக்கம் ஒரு கிராமம், இங்கே ஒருத்தரும் இல்லை என்றாள். எந்தப் பக்கம் சுற்றியும் சொந்தம் பிடிபடவில்லை. நாகவல்லி மனசுக்குள் குதித்தாள். பழம்புடவை கொண்டுவந்திருக்கிறீர்களா என்று கேட்டாள்.

வரலட்சுமி தலை குனிந்தாள். வீட்டை எதிர்த்துக் கல்யாணம் செய்துகொண்டு வந்தவள். அம்மா புடவை கேட்டுக் கடிதம் போட்டால் பதில் வராது. அவளிடம் இருப்பதெல்லாம் இந்த ஒரு வருஷத்தில் வாங்கிய புதுப்புடவைகள்.

நாகவல்லி எழுந்து உள்ளே போனாள். டிரங்குப் பெட்டியிலிருந்து தன் ரெண்டு பிள்ளைகளையும் ஏணை கட்டித் தூங்கவைத்த நீலப்புடவையையும், இன்னும் ரெண்டு பழம்புடவைகளையும் எடுத்து வந்தாள். இதில் தைத்துத் தருகிறேன் என்றாள். வரலட்சுமி நீலப்புடவையைக் கன்னத்தில் வைத்துப் பார்த்தாள். பிறகு பர்ஸைத் திறந்து பத்து ரூபாயை நீட்டினாள்.

நாகவல்லியின் கை எழவில்லை. பிறக்கப்போகிற பிள்ளைக்குப் பழந்துணி கொடுத்துக் காசு வாங்குவதா? வாங்காவிட்டால் பல்பு கம்பெனி. ரெண்டும் தெரிந்துதான் சொன்னாள்.

"காசு வேணாம்மா. புள்ளைக்குக் குடுக்கறது."

சொல்லிவிட்டு, அழக்கூடாது என்று தெருவில் பழம்பாய் எரிவதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். தசரதன் எழுந்து வந்தான். இதுவும் கணக்கில் வராது என்று சொல்லப்போகிறான் என்றுதான் நினைத்தாள்.

"இன்னாமே நீ, தொழில் பண்றவ மாதிரியா பேசற?" என்றான். "பொடவ சும்மா குடு, அது வழக்கம். நாலு நாள் குந்திகினு கண்ணு எரிய தைக்கப்போறியே, அது இன்னா பழந்துணியா? அதுக்குக் கூலி வாங்கு. சொந்தமில்லாதவங்க வந்துகீறாங்க, காசு நீட்டறாங்க. பல்பு கம்பெனில நான் சொல்லிக்கிறேன்."

இத்தனை நாள் ஆளாளுக்குச் சொந்தம் தேடி அவள் வாடிக்கையைக் கழித்துவிட்டவன் பேசுகிற பேச்சா இது? நாகவல்லிக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. அவன் அந்த நோட்டை வாங்கி, நாலு ரூபாய் மீதி கொடுத்துவிட்டு, நாகவல்லியின் உள்ளங்கையில் வைத்து மூடினான். அவள் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

வரலட்சுமி படியிறங்கித் திரும்பினாள். போர்வை வாங்க வரும்போது பிள்ளைக்கு என்ன பேர் வைக்கலாம் என்று நீங்கள்தான் சொல்லவேண்டும் அக்கா என்றாள். தசரதனைப் பார்த்து, "வர்றேன், அன்னய்யா" என்று தெலுங்கில் அண்ணன் முறை வைத்தாள்.

அவள் தெருமுனை திரும்பும்வரை தசரதன் பார்த்துக்கொண்டிருந்தான். "நல்ல வேள," என்றான், "காச மொதல்லயே வாங்கிட்ட."