ஓடையில எறங்காதவ

எங்க தேயிலை எஸ்டேட்டுல ஒரு பழக்கம். மேனேஜர் துரை எதிர்ல வந்தா ரோட்டை விட்டு எறங்கி, ஓரத்து ஓடையில நிக்கணும். இருபத்திரெண்டு வருசமா கொழுந்தெடுக்கிற எனக்குக் காலு தானா எறங்கிரும்.

எம் மக மாரீஸ்வரி பிளஸ் டூவுல பள்ளிக்கூடத்துலயே மொத ஆளு. பாட்டனி படிக்கணுமாம். மூணாறுல ஒரு காலேஜு, பாலக்காட்டுல ஒண்ணு. "ரெண்டையும் பார்ப்போம், நீ சொல்றதுதாம்மா"ன்னுட்டா. எனக்கென்ன பார்க்க வேண்டிக் கெடக்கு? மூணாறுதான். சாயங்காலமானா வீட்டுக்கு வந்துருவா. ஒத்தப் பிள்ளையைப் பாலக்காட்டுக்கு அனுப்பிட்டு நான் யாரோட சண்டை போட?

மூணாறு காலேஜுக்குப் போன அன்னைக்கு, அங்க ஏதோ விழாவுக்கு எங்க துரையும் வந்திருந்தாரு. எதிர்ல பார்த்ததும் நான் பாதையை விட்டு எறங்கினேன். அவளும் பொசுக்குன்னு எறங்கித் தலையைக் குனிஞ்சுகிட்டா. 'நல்லா வளர்த்திருக்கேன்'னு அப்ப எனக்குப் பெருமைதான்.

மறுவாரம் பாலக்காடு. பஸ்ஸு மாறி மாறிக் கொழிஞ்சாம்பாறை தாண்டுறதுக்குள்ள வெயில் மண்டையைப் பொளந்துருச்சு. "இந்தச் சூட்டுல மனுசன் படிப்பானா?"ன்னு காலேஜ் கேட்டு வரைக்கும் பொலம்பிக்கிட்டே போனேன். வேண்டாம்னு சொல்ல ஒரு சாக்கு வேணும்ல!

உள்ள ஒரு டீச்சரம்மா வேகமா எதிர்ல வந்தாங்க. நான் செடியோரம் எறங்கி, மாரியோட துப்பட்டாவைப் பிடிச்சு இழுத்தேன். அவ வரல. நேரா அவங்க முன்னாடி போயி நின்னு மலையாளத்துல படபடன்னு பேசுதா. தேயிலைக் கொழுந்துல கொப்புளம் கொப்புளமா வருமே, அந்த நோயை இங்க லேபுல படிக்க முடியுமான்னு கேக்கா. நோட்டுக்குள்ள எலையையே வச்சுக் கொண்டாந்திருக்கா, கள்ளி!

அந்தம்மா கண்ணாடியை நெத்திக்கு ஏத்திட்டு எலையை வெளிச்சத்துல திருப்பித் திருப்பிப் பார்த்தாங்க. கால் மணி நேரம் நின்னு பேசினாங்க. "இதுல எங்களுக்கே தெரியாதது நெறைய இருக்கு. நீ வந்து கண்டுபிடி"ன்னாங்க. சாக்கு சாக்கா நான் பறிச்சுப் போடுற எலை. அதைப் பத்தி எம் மக பேச, அத்தனை படிச்சவங்க நின்னு கேக்காங்க.

அங்க ஒரு ராத்திரி தங்கிட்டுத் திரும்புறப்ப, "எதும்மா?"ன்னு பஸ்ஸுல கேட்டா. நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கிட்டேன். வாயைத் திறந்தா அழுதிருவேன்.

எஸ்டேட்டு ரோட்டுல ஏறுறோம், எதிர்ல துரை நடந்து வாராரு. எழவு, என் காலு தானா ஓடையில எறங்கிருச்சு. அவ எறங்கல. தோள்ல பையோட ரோட்டுலயே நின்னு, "நமஸ்காரம் சார்"னா. இழுக்கப் போன கையை மடக்கிக்கிட்டேன். துரை அவளை ஒரு பார்வை பார்த்தாரு. அப்புறம் "நமஸ்காரம்"னு சொல்லிட்டு, அவருதான் ஓரமா ஒதுங்கிப் போனாரு.

"பாலக்காட்டுலயே சேருடி"ன்னேன், ஓடையில நின்னுக்கிட்டே.

அவ கையை நீட்டி என்னை ரோட்டுக்கு ஏத்திவிட்டா.